லக்ஸ் மீட்டரால் அறை வெளிச்சத்தை அளப்பது: ஒரே மேசையில் ஏன் இரண்டு எண் வருகிறது?

கேள்வி இது: கையடக்க லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, வேலை செய்யும் அறையில் வெளிச்சம் போதுமா என்று பார்க்கிறார் ஒருவர். அதே மேசையில் ஒரு முறை 410 காட்டுகிறது, கொஞ்ச நேரம் கழித்து 520 காட்டுகிறது. கைபேசிச் செயலியோ 300 என்கிறது. கருவி கெட்டுவிட்டதா, எந்த எண்ணை எடுத்துக்கொள்வது, முறையாக அளப்பது எப்படி?

கருவி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. 410-உம் 520-உம் அநேகமாக இரண்டுமே சரிதான். சென்சார் இருந்த இடமும் உயரமும் சாய்வும்தான் இரண்டு முறையும் ஒன்றாக இருந்திருக்காது. கருவியின் பிழை பொதுவாகச் சில சதவீதம்தான்; அதைப் பிடித்திருக்கும் கையால் வரும் பிழை 20 சதவீதத்தையும் எளிதாகத் தாண்டும். ஆகவே இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி, சென்சாரை எங்கே எப்படி வைப்பது என்பதைப் பற்றியே.

முதலில், கருவி எதை அளக்கிறது என்பதில் குழப்பம் வேண்டாம். விளக்கு மொத்தமாக வெளியே விடும் ஒளியின் அளவு லூமென். பல்பு பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் வந்து விழுகிறது என்பதே லக்ஸ். ஆகவே ‘இந்த அறையின் லக்ஸ்’, ‘இந்த விளக்கின் லக்ஸ்’ என்று ஒற்றை எண் எதுவும் கிடையாது. இந்தப் புள்ளியில், இந்தத் திசையைப் பார்த்திருக்கும் ஒரு பரப்பில் விழும் வெளிச்சம் இவ்வளவு என்று மட்டுமே சொல்ல முடியும். சில கருவிகளில் லக்ஸ், ஃபுட்கேண்டில் என இரண்டு அலகுகள் இருக்கும். 1 ஃபுட்கேண்டில் என்பது 10.76 லக்ஸ். 500 வரவேண்டிய இடத்தில் 46 காட்டினால் பயப்படுவதற்கு முன் அலகுப் பொத்தானைப் பாருங்கள்.

கருவியின் பாகங்கள்

வெள்ளைக் குமிழ் போலத் தெரிவதுதான் சென்சாரின் முகம். அதன் அடியில், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிலிக்கான் போட்டோடயோடு ஒன்று இருக்கிறது. சிலிக்கான் தன் இயல்பில் சிவப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும்தான் அதிகம் துலங்கும். மனிதக் கண்ணோ 555 நானோமீட்டரில், அதாவது பச்சையில், அதிகம் உணரும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். நல்ல கருவிக்கும் சுமாரான கருவிக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியின் தரத்தில்தான் இருக்கிறது.

வெள்ளைக் குமிழ் அழகுக்காக வைத்ததல்ல. ஒளி நேர்மேலிருந்து வராமல் 60 டிகிரி சாய்ந்து வந்தால், அதே ஒளி இரு மடங்கு பரப்பில் பரவுகிறது. அதனால் வெளிச்ச அளவு பாதியாக வேண்டும். வெற்று போட்டோடயோடு, சாய்ந்து வரும் ஒளியைப் பிரதிபலித்துத் தள்ளிவிட்டு, பாதியைவிடக் குறைவாகக் காட்டும். குமிழ் எல்லாப் பக்கத்து ஒளியையும் சரியான விகிதத்தில் உள்ளே வாங்குகிறது. எனவே குமிழில் விரல் ரேகை, தூசி, கீறல், பழுப்பு எது இருந்தாலும் அளவு குறையும். மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். கரைப்பான் திரவங்கள் பிளாஸ்டிக்கை மங்கச் செய்துவிடும்.

சென்சார் தனியாகவும் காட்டி தனியாகவும் சுருள் வயரால் இணைந்திருக்கும் கருவி உள்ளறை வேலைக்கு வசதி. இரண்டும் ஒரே உடலில் இருந்தால், எண்ணைப் படிக்க நீங்கள் குனியும்போது உங்கள் தலையே விளக்கை மறைத்துவிடும். அப்படிப்பட்ட கருவிதான் கையில் இருக்கிறது என்றால், காட்டும் எண்ணை அப்படியே நிறுத்திவைக்கும் ஹோல்டு பொத்தானையோ உச்ச–குறைந்த அளவுப் பதிவையோ பயன்படுத்துங்கள். ஆனால் ஹோல்டை அழுத்தும் கை நிழல் தரக்கூடாது.

தொடங்குமுன் பூஜ்யமும் ரேஞ்சும்

சென்சார் மூடியைப் போட்டுவிட்டுக் கருவியை இயக்குங்கள். 0 காட்ட வேண்டும். கடைசி இலக்கத்தில் 1 வந்துபோனால் பாதகமில்லை. 3, 4 என்று நின்றால் பூஜ்யப் பொத்தானை அழுத்திச் சரிசெய்யுங்கள். மூடிக்குப் பதில் உள்ளங்கையால் பொத்திப் பார்க்காதீர்கள். விரலிடுக்கு வழியாகவே சில லக்ஸ் நுழையும். பேட்டரி குறி தெரிந்தால் மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில் பல கருவிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

ரேஞ்ச் என்பது ஒரு நிலையில் கருவி காட்டக்கூடிய உச்ச அளவு. அதைத் தேர்வதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. கையேட்டில் துல்லியம் ‘படிக்கும் அளவில் ±3 சதவீதம், முழு அளவில் (அதாவது ரேஞ்சின் உச்சத்தில்) ±0.5 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். மேசையில் 300 லக்ஸ் இருக்கிறது. 2,000 ரேஞ்சில் அளந்தால் பிழை 9 + 10, ஆக ±19 லக்ஸ். அதே 300-ஐ 20,000 ரேஞ்சில் அளந்தால் 9 + 100, ஆக ±109 லக்ஸ். கருவி அதேதான், வெளிச்சமும் அதேதான். ஆனால் இரண்டாவது எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அளவு தாண்டிவிட்டது என்ற குறி வராத மிகச் சிறிய ரேஞ்சே சரியானது. தானாக ரேஞ்ச் மாற்றும் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. பழைய பாணிக் கருவிகளில், உயர்ந்த ரேஞ்சில் காட்டும் எண்ணை 10 அல்லது 100-ஆல் பெருக்க வேண்டியிருக்கும். திரை ஓரத்தில் சின்னதாக அந்தக் குறி இருக்கும். 52 என்று எழுதிவந்தது உண்மையில் 520 ஆக இருப்பது இப்படித்தான்.

இருட்டான இடத்திலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் ஓரிரு நிமிடம் மூடியைத் திறந்து சென்சாரை அந்த வெளிச்சத்துக்குப் பழகவிட்டு அளப்பது நல்லது.

விளக்குகளைத் தயார்செய்தல்

ஸ்விட்சைப் போட்டவுடன் அளக்கக்கூடாது. எல்இடி விளக்கு சூடேறச் சூடேற ஒளி சில சதவீதம் இறங்கி அப்புறம் நிலைக்கும். குழல்விளக்கு நேர்மாறு: ஆரம்பத்தில் மங்கலாக இருந்து ஏறும். இரண்டுக்குமே 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். ஒரு புள்ளியில் சென்சாரை வைத்துவிட்டு 5 நிமிட இடைவெளியில் பாருங்கள்; தொடர்ந்து இரண்டு அளவுகள் 1 சதவீதத்துக்குள் வந்தால் நிலைத்துவிட்டது. புத்தம் புதிய குழல்விளக்கு என்றால் 100 மணி நேரம் எரிந்த பிறகே அதன் அளவை நம்பலாம். ஏசி காற்று நேராக வீசும் இடத்தில் குழல்விளக்கின் ஒளி குறைவதும் உண்டு. எனவே அறை வழக்கமாக இருக்கும் வெப்பநிலையிலேயே அளங்கள்.

ஒளியைக் குறைக்கும் டிம்மர் இருந்தால் முழு அளவில் வைத்துவிடுங்கள். ஆள் இருப்பதையோ வெளிவெளிச்சத்தையோ உணர்ந்து தானாக ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதை முடக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்வதற்குள் அது விளக்கை மாற்றிவிடும், உங்களுக்குக் காரணமே புரியாது.

பகல் வெளிச்சம்தான் பெரிய எதிரி. ஜன்னல் ஓரத்தில் ஒரு மேகம் கடப்பதற்குள் நூற்றுக்கணக்கான லக்ஸ் ஏறி இறங்கும். விளக்குகள் தரும் வெளிச்சம் மட்டும் வேண்டுமென்றால் இருட்டிய பிறகு அளப்பதே உத்தமம். முடியாது என்றால் கழித்தல் முறை: ஒரு புள்ளியில் விளக்கோடு 740, விளக்கை அணைத்தால் 310 என்றால், விளக்கின் பங்கு 430. ஒரே பரப்பில் விழும் வெளிச்சங்கள் நேராகக் கூடும் என்பதால் இந்தக் கணக்கு செல்லும். ஆனால் அணைத்த நிலையில் முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை அளங்கள். 310 என்று தொடங்கி 365 என்று முடிந்தால் நடுவில் வானம் மாறிவிட்டது, அந்தப் புள்ளியைத் திரும்ப எடுக்க வேண்டும். பகல் வெளிச்சம் விளக்கைவிடப் பல மடங்கு இருக்கும் இடத்தில் இந்த முறையை நம்பாதீர்கள். இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன எண்ணில் பிழைதான் மிஞ்சும். குழல்விளக்கை அடிக்கடி அணைத்துப் போட்டால் மறுபடியும் சூடேறக் காத்திருக்க வேண்டும் என்பதும் இதில் ஒரு சிக்கல்.

எந்த உயரம், எந்தத் தளம்

வேலை எங்கே நடக்கிறதோ அங்கே சென்சார் இருக்க வேண்டும். மேசை வேலைக்கு மேசைப் பரப்பு; மேசை இல்லாத காலி அறையில் தரையிலிருந்து 0.75 மீ. உயரம் என்பது வழக்கம். நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் தரை. உயரத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறோம் என்றால், சென்சாருக்கு 2 மீ. மேலே தனிப் பல்பு ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரை வெறும் 10 செ.மீ. உயர்த்தினாலே அளவு 11 சதவீதம் ஏறிவிடும். கூரை முழுக்கப் பரவிய பேனல் விளக்குகளில் இந்த ஏற்றம் குறைவு, ஆனாலும் இருக்கும். கையில் தூக்கிப் பிடித்து ‘மேசை உயரம் இருக்கும்’ என்று குத்துமதிப்பாக அளந்தால் 410-உம் 520-உம் வருவதில் வியப்பில்லை.

சாய்வு இன்னும் மோசம். விளக்கு நேர்மேலே இருந்தால் சென்சார் 10 டிகிரி சாய்ந்தாலும் இழப்பு 1.5 சதவீதம்தான். அதே விளக்கு 45 டிகிரி பக்கவாட்டில் இருந்தால், சென்சார் 10 டிகிரி விளக்கை நோக்கிச் சாயும்போது அளவு 16 சதவீதம் ஏறும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் 19 சதவீதம் இறங்கும். அதாவது உண்மையில் 450 லக்ஸ் இருக்கும் இடத்தில், கை கொஞ்சம் இப்படி அப்படி ஆடினால் 520-உம் வரும், 365-உம் வரும். சென்சாரைக் கையில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். மேசையில் வையுங்கள். மேசை இல்லையென்றால் 75 செ.மீ. உயரத்துக்குச் சரிசெய்த கேமரா முக்காலியின் மேல் சின்னத் தட்டை வைத்து, ரசமட்டத்தால் மட்டம் பார்த்து, அதில் சென்சாரை வையுங்கள். குமிழ் இருக்கும் உயரம்தான் கணக்கு, முக்காலியின் உயரம் அல்ல.

அப்புறம் நீங்கள். அளக்கும் ஆளின் உடம்பு சென்சாருக்கு வரும் ஒளியை மறைக்கும். வெள்ளைச் சட்டை என்றால் எதிரொளித்துக் கூட்டியும் காட்டும். அடர்ந்த நிற உடை நல்லது. வயர் விடும் அளவுக்குத் தள்ளி, சென்சாரின் மட்டத்துக்குக் கீழே குந்தி, எந்த விளக்குக்கும் சென்சாருக்கும் நடுவே வராதபடி இருங்கள். சரியாக இருக்கிறீர்களா என்று பார்க்க எளிய சோதனை: எண்ணைப் பார்த்துக்கொண்டே அரை அடி பின்னால் நகருங்கள். எண் மாறினால் இன்னும் தள்ளிப்போக வேண்டும்.

ஒருவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவருக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், அவரை நாற்காலியில் உட்காரவைத்தே அளக்க வேண்டும். அவருடைய நிழலும் அந்த இடத்து உண்மையில் சேர்த்திதான். இரண்டையும் கலக்காமல், எது ஆளோடு எது ஆளில்லாமல் என்று குறித்துவையுங்கள். மேசை விளக்கு இருந்தால் அதற்கும் இப்படியே: போட்டு ஒரு வரிசை, அணைத்து ஒரு வரிசை.

கட்டம் போட்டு அளப்பது

ஒரு புள்ளியில் அளந்து அறைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. சுவரிலிருந்து அரை மீ. பட்டையை விட்டுவிட்டு, மீதித் தளத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு அளவு எடுக்க வேண்டும். பணிமேசை ஏதாவது சுவரை ஒட்டியே இருந்தால் அந்த அரை மீ. விலக்கு அதற்குப் பொருந்தாது. மேசை இருக்கும் இடத்தை அளந்தே ஆகவேண்டும். கட்டத்தின் அளவுக்கு ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 ஒரு வாய்ப்பாடு தருகிறது. அதன்படி 5 மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 0.6 மீ. இடைவெளியில் 8 புள்ளிகள், 10 மீ. நீளத்துக்கு 1 மீ. இடைவெளியில் 10 புள்ளிகள். 6 மீ.க்கு 4 மீ. அறை ஒன்றில் ஓரப்பட்டை போக 5-க்கு 3 மீ. மிஞ்சும்; முறைப்படி போனால் 8-க்கு 5, மொத்தம் 40 புள்ளிகள். அறிக்கை கொடுக்க வேண்டிய வேலைக்கு அதைச் செய்யுங்கள். சொந்தத் தேவைக்கு நாலுக்கு மூன்று என 12 புள்ளிகளே போதுமான படத்தைக் காட்டிவிடும்.

கட்டம் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. கூரை விளக்குகள் 1.2 மீ. இடைவெளியில் இருந்து, உங்கள் புள்ளிகளும் 1.2 மீ. இடைவெளியில் விழுந்தால், எல்லாப் புள்ளியும் விளக்குக்கு நேர்கீழே அமைந்துவிடலாம், அல்லது எல்லாமே இரண்டு விளக்குக்கு நடுவில். முதலாவதில் சராசரி கூடும், இரண்டாவதில் குறையும். விளக்கு இடைவெளியோடு ஒத்துப்போகாத எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

மேலே சொன்ன 12 புள்ளிகளில் வந்தவை இப்படி என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை 412, 498, 505, 401. நடு வரிசை 468, 571, 580, 455. மூன்றாவது 396, 487, 492, 383. கூட்டினால் 5,648, 12-ஆல் வகுத்தால் சராசரி 471 லக்ஸ். மிகக் குறைந்த அளவு 383. அதைச் சராசரியால் வகுத்தால் 0.81, இதற்குச் சீர்மை என்று பெயர். அறையின் நடுவில் மட்டும் சென்சாரை வைத்தவர் 580 என்று நிம்மதியாகப் போயிருப்பார். மூலையில் மட்டும் வைத்தவர் 383 என்று விளக்கு வாங்கக் கிளம்பியிருப்பார். சராசரி 500-க்குச் சற்றுக் குறைவு, பரவல் நன்றாக இருக்கிறது என்பதே இந்த அறையின் நிலை.

வந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? இஎன் 12464-1 படி எழுதுதல், படித்தல், கணினி வேலைக்கு 500 லக்ஸ்; கோப்பு அடுக்குதல், நகலெடுத்தல் போன்றவற்றுக்கு 300; தொழில்நுட்ப வரைபட வேலைக்கு 750; நடைபாதைக்கு 100. எழுத்து வேலைப் பரப்பில் சீர்மை 0.6-க்குக் குறையக்கூடாது. நாட்டுக்கு நாடு அட்டவணை கொஞ்சம் மாறும். உங்களுக்குச் செல்லும் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் யாவும் பராமரிப்பு அளவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்: விளக்கு பழசாகி, தூசி படிந்த பிறகும் சராசரி இதற்குக் கீழே போகக்கூடாது. பராமரிப்புக் காரணி (புதிதில் இருந்த வெளிச்சத்தில் பின்னால் மிஞ்சும் பங்கு) 0.8 என்று வைத்து வடிவமைத்திருந்தால், புதிதாகப் போட்ட அன்று 625 லக்ஸ் வரவேண்டும். புது விளக்கில் அளந்து ‘சரியாக 500 வந்துவிட்டது’ என்று கையெழுத்துப் போடுவது, சில ஆண்டுகள் கழித்து 400 ஆகப்போகும் அறையை ஏற்றுக்கொள்வதாகும். பழைய அறையில் குறைந்த அளவு வந்தால் முதலில் விளக்கு மூடிகளைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எத்தனையோ இடங்களில் அதிலேயே விஷயம் முடிந்துவிடும்.

அறையில் சாமான்கள் இருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். காலி அறை எப்போதும் கூடுதலாகக் காட்டும். உயரமான அலமாரியும் தடுப்புத் தட்டிகளும் வந்தபின் அதே புள்ளியில் கணிசமாக இறங்கிவிடும்.

நிமிர்ந்த பரப்புகள்

கரும்பலகை, வெள்ளைப்பலகை, புத்தக அலமாரி, சுவரில் மாட்டிய படம் ஆகியவற்றில் சென்சாரைக் கிடைமட்டமாகப் பிடித்து அளப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சென்சாரின் முதுகு பலகையில் ஒட்டியிருக்க, முகம் அறையைப் பார்க்க வேண்டும். பலகையின் நாலு மூலை, நடு என்று ஐந்து இடமாவது எடுங்கள். கூரை விளக்கு மட்டும் உள்ள அறையில், மேசையில் 500 வந்தாலும் பலகையில் பாதிகூட வராமல் போகலாம். மேலிருந்து கீழே போகப்போக இறங்கிக்கொண்டே வரும். அங்கே கூரை விளக்கைக் கூட்டிப் பயனில்லை, பலகைக்குத் தனி விளக்கு வேண்டும்.

கணினித் திரை எவ்வளவு பிரகாசம், விளக்கு கண்ணைக் கூசுகிறதா என்பவை லக்ஸ் மீட்டரின் வேலை அல்ல. அவை பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி; அதற்கு வேறு கருவி. ஆனால் மங்கலான, பளபளப்பில்லாத பரப்புக்கு ஒரு கணக்குப் போடலாம்: லக்ஸைப் பரப்பின் எதிரொளிப்புத் திறனால் (விழும் ஒளியில் அது திருப்பித் தரும் பங்கால்) பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் பரப்பின் பிரகாசம் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று கிடைக்கும். 500 லக்ஸில் வைத்த வெள்ளைத் தாள், எதிரொளிப்பு 0.8 என்றால், சுமார் 127 கேண்டெலா. திரையை ஏறத்தாழ இதே பிரகாசத்தில் வைத்தால் தாளுக்கும் திரைக்கும் மாறி மாறிப் பார்க்கும் கண் சிரமப்படாது.

எதிரொளிப்புத் திறனையும் இதே கருவியால் தோராயமாக எடுக்கலாம். சென்சாரின் முதுகைச் சுவரில் ஒட்டி, முகம் அறையைப் பார்க்க ஒரு அளவு. பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, சென்சாரின் நிழல் விலகி எண் நிலைக்கும்வரை மெதுவாகப் பின்னிழுத்து இன்னொரு அளவு. முதலாவது 240, இரண்டாவது 132 என்றால் சுவர் 0.55 பங்கைத் திருப்பித் தருகிறது. விளக்கைக் கூட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது லாபம். சுவரும் கூரையும் அடர்ந்த நிறத்தில் இருந்தால், வெள்ளை அடிப்பதே மலிவான வழியாக இருக்கக்கூடும்.

எண் ஏன் ஆடுகிறது, ஏன் பொய் சொல்கிறது

டிம்மரால் ஒளியைக் குறைத்த எல்இடி பல நேரம் உண்மையில் வேகமாக அணைந்து எரிந்துகொண்டிருக்கும். அந்தத் துடிப்போடு கருவியின் மாதிரியெடுக்கும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் கடைசி இரண்டு இலக்கங்கள் குதிக்கும். உச்ச அளவையும் குறைந்த அளவையும் பதிந்து நடுவை எடுங்கள். முழுப் பிரகாசத்தில் வைத்தால் குதிப்பு நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். நின்றால் கோளாறு கருவியில் இல்லை.

நிறமாலை சார்ந்த பிழை வேறு வகை. லக்ஸ் மீட்டர்களை மரபாக 2,856 கெல்வின் வெப்பநிலையுள்ள இழை விளக்கின் ஒளியில் வைத்துத்தான் அளவுத்திருத்தம் செய்கிறார்கள். வடிகட்டி கச்சிதமாக இருந்தால் எந்த விளக்கிலும் சரியாகக் காட்டும். சுமாராக இருந்தால் வெள்ளை எல்இடியில் சில சதவீதம் விலகும்; தனி நீலம், தனிச் சிவப்பு எல்இடியில் விலகல் பெரிதாகிவிடும், அங்கே அந்த எண்ணை வைத்துப் பேசவே முடியாது. சில கருவிகளில் எல்இடிக்கென்று தனித் தெரிவு இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கையேட்டில் உள்ள திருத்தக் காரணியாலும் பெருக்கினால் ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததாகும். ஜெர்மானியத் தரமான டிஐஎன் 5032-7 இந்தக் கருவிகளை மொத்தப் பிழையை வைத்து எல், ஏ, பி, சி என்று நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ-க்கு 5 சதவீதம், பி-க்கு 10, சி-க்கு 20. அலுவலகம், வகுப்பறை போன்ற இடங்களில் அளக்க பி வகுப்பு தாராளமாகப் போதும்.

கைபேசிச் செயலி காட்டிய 300-க்கு வருவோம். கைபேசியில் இருப்பது திரையின் பிரகாசத்தை மாற்றுவதற்கான சின்ன உணர்வி. அதற்குமேல் குமிழ் கிடையாது. பக்கவாட்டு ஒளியைச் சரியான விகிதத்தில் வாங்காது. ஒரே கைபேசியை ஒரே விதமாக வைத்து, இந்த இடம் அந்த இடத்தைவிட இருட்டா என்று பார்க்க உதவும். அந்த எண்ணைத் தரத்தோடு ஒப்பிடக்கூடாது.

புகைப்படக்காரர்களின் ஒளிமானி கையில் இருந்தால் அது இதைவிட நம்பகமானது. தட்டையான வெள்ளைத் தகட்டைப் பொருத்தி, ஐஎஸ்ஓ 100-இல் வைத்து, விழும் ஒளியை அளக்கும் முறையில், ஈவி எனப்படும் ஒளிப்பதிவு மதிப்பைப் படியுங்கள். ஈவி 0 என்பது ஏறக்குறைய 2.5 லக்ஸ், ஒவ்வொரு ஈவிக்கும் இரட்டிப்பு. ஈவி 7 என்றால் 320, ஈவி 8 என்றால் 640. அரைக்கோளக் குமிழோடு அளந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

மிகக் குறைந்த வெளிச்சத்தில் சாதாரணக் கருவியை நம்பாதீர்கள். அவசரகால வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில், தரையில், குறைந்தது 1 லக்ஸ் வேண்டும் என்கிறது இஎன் 1838. கடைசி இலக்கம் 1 லக்ஸாக உள்ள கருவி அங்கே 1 என்று காட்டினால் அது 0.6 ஆகவும் இருக்கலாம், 1.4 ஆகவும் இருக்கலாம். 0.01 லக்ஸ் வரை பிரித்துக் காட்டும் கருவி வேண்டும். ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கொளியையும் மறைக்க வேண்டும் அல்லது கழிக்க வேண்டும்.

குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அவை எதற்கும் உதவாது. அறையின் கைவரைபடம், அதில் விளக்குகளும் ஜன்னலும் புள்ளிகளும், சென்சாரின் உயரம், தேதி, நேரம், திரை மூடியிருந்ததா, எந்த விளக்குகள் எரிந்தன, எவ்வளவு நேரமாக எரிந்தன, கருவியின் மாதிரி எண், ரேஞ்ச் ஆகிய இவ்வளவும் வேண்டும். வேலை முடிந்ததும் முதல் புள்ளியை மறுபடி ஒருமுறை அளங்கள்; தொடக்கத்தில் வந்ததிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது, என்னவென்று கண்டுபிடித்த பிறகே மற்ற எண்களை ஏற்கலாம். அறிக்கைக்காக அளப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து சான்று வாங்குவது வழக்கம். மற்றவர்கள் நல்ல கருவி வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்து, இரண்டு சென்சார்களையும் ஒரே இடத்தில் ஒன்று மாற்றி ஒன்று வைத்து 100, 500, 1,000 லக்ஸ் அருகில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, மூடியைப் போட்டு, வெயில் படாத பெட்டியில் வையுங்கள்.